இரண்டு மைல் மேரிலாந்து

ஹான்காக் ஊர் பக்கத்தில் மேரிலாந்து மாநிலத்தின் அகலம் இரண்டு மைல்கூட முழுசாக இல்லை. தெற்கே பொட்டோமாக் ஆறு, ஆற்றுக்கு இக்கரையில் எங்கள் மேற்கு வர்ஜீனியா. வடக்கே பென்சில்வேனியா. நடுவில் கோவணத் துணி மாதிரி மேரிலாந்து குறுக்கே கிடக்கிறது. கோடு கிழித்தவனுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ தெரியாது. வேண்டுமென்றால் நாற்பது மைல் சுற்றிப் போகலாம், அங்கேயும் இதே துணிதான் குறுக்கே வரும்.

எங்கள் மாநிலம் கொடுத்த துப்பாக்கி பெர்மிட்டைப் பென்சில்வேனியா மதிக்கும். அவர்கள் கொடுத்ததை நாங்கள் மதிப்போம். மேரிலாந்து யாருடையதையும் மதிக்காது. அதனால் எங்கள் ஊர் ரோவீனா தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது பாலத்துக்கு முன்னால் சரளைக்கல் கொட்டிய இடத்தில் காரை நிறுத்துவாள். இடுப்பு உறையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து, குண்டுகளை இறக்கி, துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி டிக்கியில் வைப்பாள். குண்டுகள் தனிப் பையில் போகும். அப்படிப் பூட்டிக்கொண்டு கடந்தால் குற்றமில்லை. பாலம் வரும், இரண்டு மைல் வரும், பென்சில்வேனியாவின் பெயர்ப்பலகை வரும். பலகையைத் தாண்டியதும் மறுபடி நிறுத்தி, இறங்கி, திறந்து, குண்டு போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு ஆப்பிள் ஷெட்டுக்குப் போவாள். சாயங்காலம் இதே கூத்து தலைகீழாக நடக்கும்.

ஆற்றுக்கு அக்கரையில் வேலை பார்க்கும் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. ஷெட்டில் மேரிலாந்துக்கு அவர்கள் வைத்த பெயர் சர்ச். உள்ளே நுழைகிறபோது தொப்பியைக் கழற்ற வேண்டும் அல்லவா. ஆப்பிள் தரம்பிரிக்கும் பெல்ட்டில் ரோவீனாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பாட்ஸி, தாமதமாக வரும் நாளெல்லாம் சர்ச்சுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்வாள். மற்றவர்களுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். ரோவீனாவுக்கு அந்த இரண்டு மைல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற தூரம்.

காரணம் டெல்மர். பதினோரு வருஷம் அவளுக்குப் புருஷனாக இருந்தவன். கடைசி வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வலது கையை அலமாரிக் கதவின் இடுக்கில் வைத்துச் சாத்தினான். சாத்தியதோடு விடவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, டிவியில் ஓடிய பேஸ்பால் ஆட்டத்தின் கடைசிச் சுற்றை முழுசாகப் பார்த்து முடித்தான். அவளுக்கு இரண்டு விரல் இன்றுவரை மடங்காது. இவனை மிருகம் என்று சொன்னால் மிருகங்கள் கோபித்துக்கொள்ளும்.

அவனை அவளிடமிருந்து தள்ளி நிற்கச் சொல்லிக் கோர்ட் ஒரு தாள் கொடுத்தது. அந்தத் தாள் ஒரு விஷயத்தில் நல்ல தாள், ஐம்பது மாநிலத்திலும் செல்லும். ஆனால் அதன் ஆயுசு நூற்றெண்பது நாள். அதுவரைக்கும் டெல்மரின் துப்பாக்கிகள் ஷெரிஃப் ஆபீஸில் இருந்தன. நூற்றெண்பத்தோராம் நாள் காலையில் அவன் போய்க் கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தான். தாளை நீட்டிக்க முடியுமா என்று ரோவீனா கேட்டதற்கு, புதிதாக ஏதாவது நடந்ததா என்று நீதிபதி கேட்டார். நடக்கவில்லை என்றாள் உண்மையாக. புதிதாக அடித்தால்தான் புதிதாகத் தாள்.

ஊரை விட்டுப் போய்விடேன் என்று சொன்னவர்கள் உண்டு. வீடு அவள் அப்பா கட்டியது. தப்பு செய்தவன் ஊரில் நெஞ்சை நிமிர்த்தித் திரிய, அடி வாங்கியவள் மூட்டை கட்டுவதா என்பது அவள் கட்சி. அவள் துப்பாக்கி வாங்கினாள், வகுப்புக்குப் போனாள், மடங்காத விரல்களோடு சுடப் பழகினாள். டெல்மருக்கு அது தெரியும். அவள் வீட்டுப் பக்கம் அவன் வராததற்கு அது ஒன்றுதான் காரணம்.

அப்புறம் அவன் அந்த இரண்டு மைலைக் கண்டுபிடித்தான்.

செப்டம்பரில் ஒரு காலை, பாலத்தைத் தாண்டி முதலில் வரும் பெட்ரோல் பங்க்கில் அவனுடைய நீல பிக்கப் நின்றது. அவன் வண்டியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினான், அவ்வளவுதான். மறுநாளும் இருந்தான். மூன்றாம் நாளிலிருந்து பின்னாலேயே வந்தான், பென்சில்வேனியா பலகைவரை ஒட்டிக்கொண்டு வந்து, பலகைக்கு முன்னால் திரும்பிப் போய்விடுவான். பலகையைத் தாண்டினால் அவள் டிக்கியைத் திறப்பாள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு நாள் சிக்னலில் அவள் வண்டியின் பின்பக்கத்தை மெல்ல இடித்தான். இறங்கி வந்து, மன்னிப்புக் கேட்கிற ஆள் மாதிரி குனிந்து, ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான்.

“பெட்டி பூட்டியிருக்கா கண்ணு?” என்றான். “நல்லது. சட்டத்த மதிக்கணும். ஆனா யோசிச்சுப் பாரு, வண்டிய நிறுத்தி, இறங்கி, டிக்கியத் தொறந்து, பெட்டியத் தொறந்து, குண்டு போட்டு... மத்தவங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகும். உனக்கு அந்த ரெண்டு வெரலோட ஒன்றரையாவது ஆகும்ல?”

சிக்னல் பச்சைக்கு மாறியது. அவன் பின்னால் நின்ற வண்டிக்காரரிடம் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு நிதானமாக நடந்து போனான்.

ரோவீனா மேரிலாந்து போலீசிடம் சொன்னாள். பொது ரோட்டில் யார் வேண்டுமானாலும் வண்டி ஓட்டலாம், அவர் உங்களை மிரட்டியதாக ஒரு வார்த்தைகூட இல்லையே என்றார்கள். எங்கள் ஊர் ஷெரிஃப் ஆபீஸில் சொன்னாள். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்தது என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

இந்த நிலைமையில்தான் மசோதா வந்தது. ஒரு மாநிலம் கொடுத்த துப்பாக்கி பெர்மிட்டை எல்லா மாநிலமும் மதித்தே ஆக வேண்டும் என்ற மசோதா. பாட்ஸி அதை மாசக் கணக்காகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். டிரைவிங் லைசென்ஸ் செல்லும், கல்யாணம் செல்லும், இது மட்டும் ஏன் ஆற்றோடு கரைந்து போகிறது என்று யார் கிடைத்தாலும் பிடித்து வைத்துக் கேட்பாள். அக்டோபரில் ஒரு புதன்கிழமை ரேடியோவில் செய்தி வந்தது. மசோதா பாஸ்.

மறுநாள் பாட்ஸி கேக்கோடு வந்தாள். மேலே பச்சைக் க்ரீமில் ஒரு தொப்பி வரைந்திருந்தாள். பெல்ட்டைப் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். ஷெட் முதலாளியே முதல் துண்டை எடுத்துக்கொண்டார்.

“இனிமே தொப்பியக் கழட்ட வேண்டாம்டி,” என்றாள் பாட்ஸி.

ரோவீனா எதையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறவள். இன்றைக்கே செல்லுமா, ஏதாவது தேதி போட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். பாஸ் என்றால் பாஸ்தானே என்றார் முதலாளி, வாயில் கேக்கோடு. அவளுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. துப்பாக்கி வாங்கிய கடைக்குப் போன் செய்து கடைக்காரர் விர்ஜிலைக் கேட்டாள். அவர் கடையில் கொண்டாட்டமாக இருந்தது, பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாஸாகிவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

ஒரு சபையில் பாஸானது பாதிக் கிணறு, இன்னொரு சபையும் பாஸாக்கி, அதிபரும் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இதை ஆறாம் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் ஆறாம் வகுப்பைத் தாண்டி வந்தவர்கள்தான். கேக்கின் முன்னால் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. வேண்டிய சேதி வந்தால் அதை யார் நோண்டிப் பார்க்கிறார்கள்?

ஞாபகம் இருந்த ஒரே ஆள் டெல்மர். அன்று மாலை அவன் விர்ஜில் கடைக்குத் தோட்டா வாங்கப் போனான். விர்ஜில் சூது வாது இல்லாத மனுஷன், வாயை மட்டும் மூடத் தெரியாது. உன் பழைய சம்சாரத்துக்குக்கூட சந்தோஷம்தான் போல, போன் போட்டு இன்னைக்கே செல்லுமான்னு கேட்டா என்று சொல்லிச் சிரித்தார். டெல்மரும் சிரித்தான். நல்லது, அவளுக்கு ரொம்ப நாள் தொல்லை விட்டது என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ரோவீனா சரளைக்கல் இடத்தில் நிறுத்தவில்லை. துப்பாக்கி இடுப்பிலேயே இருந்தது. பாலத்தின் நடுவில் மாநிலப் பலகையைக் கடந்தபோது அவளுக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. பங்க்கில் நீல வண்டி நின்றது. ஒன்றரை மாசத்தில் முதல்முறையாக அவள் வேகத்தைக் குறைத்து அவன் கண்ணைப் பார்த்தாள். சட்டையை ஒதுக்கி உறையைக் காட்டவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான். டெல்மர் கோப்பையை வண்டியின் மேல் வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அவன் பின்தொடர்ந்து வரவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்தாள் பாவி.

பென்சில்வேனியா பலகை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. ஓரங்கட்டினாள். வந்த போலீஸ்காரர் இளவயது, பேச்சில் மரியாதை இருந்தது. அவர் கேட்பதற்கு முன்னாலேயே அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்லித்தந்தபடி தெளிவாகச் சொன்னாள். வலது இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, குண்டு போட்டிருக்கிறது, மேற்கு வர்ஜீனியா பெர்மிட் கைப்பையில் இருக்கிறது.

“மேடம், இது மேரிலாந்து,” என்றார் அவர்.

“தெரியும் சார். இப்ப செல்லும். புதன்கிழமை பாஸாச்சே.”



“அது ஒரு சபையில மேடம். இன்னொண்ணு இருக்கு.”

அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை அவர் பார்த்தார். பாவமாகக்கூட இருந்திருக்கலாம். பாவப்பட்டபடியே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி விலங்கு மாட்டினார். மடங்காத விரல்களில் உரசாமல் பார்த்து மாட்டினார். அவளுக்கு நேர் எதிரே பலகை தெரிந்தது. பென்சில்வேனியா உங்களை வரவேற்கிறது என்று எழுதியிருந்தது.

கேஸ் மார்ச் மாசம் கோர்ட்டுக்கு வந்தது. அரசாங்கம் கொடுத்த வக்கீலம்மா கெட்டிக்காரிதான், ஆனால் அவர் கையில் அன்றைக்குப் பதினாறு கேஸ். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஜெயில் இல்லை, வீட்டுக்குப் போகலாம், வேலையும் போகாது என்றார். வேறு வழி கேட்டுப் பார்த்ததாகவும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். வழக்காடினால் ஜெயிலுக்கு வாய்ப்பு உண்டு, ஏனென்றால் உறையில் துப்பாக்கி இருந்ததை அவளே சொல்லியிருக்கிறாள். ரோவீனா கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தாள். தகவல் கொடுத்தவர் பெயர் மறைக்காமல் இருந்தது. டெல்மர், முழுப் பெயர், தொலைபேசி எண், ‘பொதுமக்கள் பாதுகாப்பு கருதி’ என்று காரணம்.

வராந்தாவில் வக்கீலம்மா அடுத்த கேஸுக்கு ஓடுகிற அவசரத்தில் இன்னொன்றும் சொன்னார்.

“இனிமே நீங்க துப்பாக்கி வச்சிக்கக் கூடாது. தெரியும்ல?”

“மேரிலாந்துலயா?”

“எங்கயும். இந்தக் குற்றம் எல்லா மாநிலத்துலயும் செல்லும்.”

அதுதான் விஷயம். அவளுடைய அனுமதி ஆற்றைத் தாண்டாது. அவளுடைய குற்றம் ஆறு, மலை, பாலைவனம் எல்லாம் தாண்டி அலாஸ்காவரை போகும். இதை யோசித்து எழுதியவன் யாரோ, அவன் வீட்டில் அன்றைக்கு நல்ல சாப்பாடாக இருந்திருக்க வேண்டும்.

பெர்மிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைக்கூட வீட்டில் வைக்கக் கூடாது. பாட்ஸிதான் எடுத்துக்கொண்டு போனாள். கிளம்பும்போது பாட்ஸி கதவருகே நின்று, “இத மட்டும் பரண்ல போட்டு வைடி, எவன் வந்து பாக்கப் போறான்,” என்றாள். ரோவீனா வேண்டாம் என்றாள். எவன் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவன் இன்னொரு போன் போட்டால் இந்த முறை வருஷக் கணக்கில் உள்ளே இருக்க வேண்டும்.

கேஸ் நடந்துகொண்டிருந்தவரை மசோதாக்காரர்களுக்கு அவள் செல்லப்பிள்ளை. நேர்மையான உழைப்பாளிப் பெண், பழைய புருஷனுக்குப் பயந்தவள், இரண்டு மைலில் குற்றவாளியாக்கப்பட்டாள் என்று பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள், மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் கையெழுத்துப் போட்ட பிறகு போன் வருவது நின்றது. குற்றத்தை ஒப்புக்கொண்டவளை மேடையில் ஏற்ற முடியாதாம். மசோதா மேல்சபையில் தூங்கியது, இன்னும் தூங்குகிறது.

பாட்ஸி மட்டும் விடவில்லை. மேல்சபையை எழுப்ப ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினாள். விர்ஜில் கடையிலும் ஒரு கத்தைத் தாளை வைத்துவிட்டு வந்தாள். திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, ரோவீனாவின் சமையலறை மேசையில் வைத்துப் புரட்டியபோதுதான் இருவரும் பார்த்தார்கள். மூன்றாம் பக்கத்தில் டெல்மர் கையெழுத்துப் போட்டிருந்தான். பக்கத்தில் அழகான எழுத்தில் ஒரு வரி: ‘நம்ம ரோவிக்கு நடந்தது வேற யாருக்கும் நடக்கக் கூடாது.’ பாட்ஸி அந்தத் தாளைக் கிழிக்கப் போனாள். கிழித்தால் அதில் உள்ள மற்ற இருபது கையெழுத்தும் போய்விடும் என்று ரோவீனாதான் தடுத்தாள்.

அவள் மறுபடி கோர்ட்டுக்குப் போய்த் தள்ளி நிற்கும் தாள் கேட்டாள். அடித்தாரா என்று கேட்டார்கள். இல்லை. மிரட்டினாரா என்றார்கள். போலீசுக்குப் போன் செய்தார் என்றாள். நடக்கிற குற்றத்தைப் போலீசுக்குச் சொல்வது மிரட்டல் ஆகாதே என்று நீதிபதி வருத்தத்தோடு சொன்னார்.

ஏப்ரல் முழுக்க நீல வண்டி பங்க்கில் இல்லை. மே மாசமும் இல்லை. அவன் ஏன் அங்கே நிற்க வேண்டும்? அந்த இரண்டு மைலுக்கு இப்போது என்ன விசேஷம்? ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் அவள் வெறுங்கைதான், வீட்டிலும்தான்.

ஜூன் மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ரோவீனா காற்றுக்காக வாசற்கதவைத் திறந்து வைத்திருந்தாள். நீல வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டு அவள் கதவைச் சாத்த ஓடினாள். அவன் அதற்குள் படியேறி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு பூட்ஸ் காலை வைத்துவிட்டான். தள்ளவில்லை. காலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றான். ஷேவ் செய்திருந்தான், துவைத்த சட்டை போட்டிருந்தான். துப்பாக்கி சட்டைக்கு வெளியே இடுப்பில் தொங்கியது.

“உள்ள வரலாமா ரோவி?” என்றான்.

அவள் பின்னால் நகர்ந்து போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். அவன் தடுக்கவில்லை. பேசு, பேசு என்று கையைக் காட்டினான். எடுத்த பெண்ணின் குரல் அமைதியாக இருந்தது. விலாசம் கேட்டாள், சொன்னாள் ரோவீனா. யார் வந்திருக்கிறார் என்று கேட்டாள், சொன்னாள். அவரிடம் ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்றாள். கையில் எடுத்திருக்கிறாரா? இல்லை. என்ன சொன்னார்? உள்ளே வரலாமா என்று கேட்டார். ஷெரிஃப் வண்டி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விபத்தில் இருக்கிறது, முப்பத்தைந்து நிமிஷம் ஆகும், அனுப்புகிறேன், போனை வைக்காதீர்கள் என்றாள் அந்தப் பெண்.

டெல்மர் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

“வர்றவங்க பாதுகாப்புக்காகக் கேக்குறேன் மேடம்,” என்றது குரல். “உங்ககிட்ட ஆயுதம் ஏதாவது இருக்கா? வீட்டுல எங்கயாவது?”

ரோவீனா அவனைப் பார்த்தாள்.

“மேடம், கேக்குதா? கட்டாயம் சொல்லணும். உங்ககிட்ட ஆயுதம் இருக்கா?”

“சொல்லு கண்ணு,” என்றான் டெல்மர். “பொய் சொல்லக் கூடாது. அவங்க எல்லாத்தையும் பதிவு பண்றாங்க.”

அவள் சொன்னாள்.

“இல்ல.”

டெல்மர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தான். கதவைத் தனக்குப் பின்னால் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.